சில்பி – உட்கார்ந்து வரைந்த மனிதர்



ஆண்டு மலர் என்றாலே ஒரு விஸ்வேஸ்வரய்யா, ஒரு ஜி.டி. நாயுடு, ஒரு கலாம் ஐயா கட்டாயம் இருப்பார்கள். இருக்க வேண்டியவர்கள்தான். இந்த வருஷம் மாணவர் மன்றத்தில் என்னிடம் ஒரு வாழ்க்கை வரலாறு கேட்டபோது, அந்த வரிசையிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கும் ஒருவரை எடுத்துக்கொண்டேன். அவர் எஞ்சினியர் இல்லை. ஆனாலும் நம்மைப் போலவே கோடு போட்டு வாழ்ந்தவர். நம் தாத்தா பாட்டி காலத்து ஆனந்த விகடன் வாசகர்களிடம் அவர் பெயரைச் சொன்னால் போதும், முகம் மலர்ந்துவிடும். ஓவியர் சில்பி.

ஏன் ஓவியர் என்று கேட்பீர்கள். நம் விடுதியில் ஒரு எட்டு பேராவது நன்றாக வரைகிறவர்கள் இருக்கிறோம். பக்கத்து அறைக்காரனின் ரெக்கார்டு நோட்டில் படம் போட்டுக் கொடுத்து அதற்குக் கூலியாகப் பரோட்டா சாப்பிட்டவர்கள். பெரம்பலூரில் கல்யாண பேனர் வடிவமைத்துக் கொடுத்துச் செல்போன் ரீசார்ஜ் பார்த்தவர்கள். இந்த எட்டு பேருக்கும் ராத்திரி படுக்கும்போது ஒரே கேள்விதான். இதை வைத்துப் பிழைக்க முடியுமா? இல்லை, கேம்பஸ் இன்டர்வியூவில் கிடைக்கிற வேலைக்குப் போய், சிமென்ட் ஆலையிலோ ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமோ ஷிப்ட் பார்த்துக்கொண்டு, வரைவதை மறந்துவிட வேண்டியதுதானா? வீட்டிலும் கேட்கிறார்கள். மாமா கேட்கிறார், சித்தப்பா கேட்கிறார். பதில் சொல்லத் தெரியாமல் நாம் சிரித்து மழுப்புகிறோம்.

யாரிடமும் மாதச் சம்பளம் வாங்காமல், படத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, தன் பெயரில் தானே நிற்பதை ஃப்ரீலான்ஸ் என்கிறோம். அந்தச் சொல் நமக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. மேலாளர் கிடையாது, பஞ்சிங் கார்டு கிடையாது என்று கற்பனை ஓடுகிறது. சில்பியும் ஒரு காலத்தில் அப்படி வெளியே வந்தவர்தான். ஆனால் அதற்கு முன்னால் அவர் இருபத்திரண்டு வருஷம் ஒரே பத்திரிகையில் சம்பளத்துக்கு வரைந்திருக்கிறார். இந்த இருபத்திரண்டு வருஷக் கணக்கைச் சொல்லத்தான் நான் பேனாவை எடுத்தேன்.

சில்பியின் சொந்தப் பெயர் ஸ்ரீனிவாசன். 1919-ல் நாமக்கல்லில் பிறந்தவர். நாமக்கல் நமக்குத் தூரம் இல்லை. பெரம்பலூரிலிருந்து துறையூர் வழியாகப் போனால் அரை நாளில் போய்த் திரும்பலாம். ஊர் நடுவே ஒரே கல்லாக நிற்கிற மலை. அந்த மலையைக் குடைந்து நரசிம்மருக்கும் அரங்கநாதருக்கும் கோயில். உள்ளே சுவர் முழுக்க, ஆள் உயரத்தையும் தாண்டிய புடைப்புச் சிற்பங்கள். லாரி பாடி கட்டும் ஊர், முட்டை ஊர் என்றுதான் நாமக்கல்லை நாம் நினைக்கிறோம். ஆனால் சிற்பத்துக்கும் அது பழைய ஊர். பின்னாளில் தமிழ்நாட்டுச் சிற்பங்களையெல்லாம் காகிதத்தில் கொண்டு வந்த ஒருவர் அந்த மலையடியில் பிறந்தார் என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அதே ஊரில் இன்னொரு பெரிய மனிதர் இருந்தார். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. சென்னை மாகாணத்தின் முதல் அரசவைக் கவிஞராக 1949-ல் ஆனவர். அவரைக் கவிஞராகத்தான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அவர் அடிப்படையில் ஓவியர் என்பது பலருக்குத் தெரியாது. உருவப்படங்கள் வரைந்து கொடுத்து வாழ்க்கை நடத்தியவர். அந்தக் கவிஞர்தான் பையன் ஸ்ரீனிவாசனின் கையைப் பார்த்து, இவன் மற்ற படிப்பில் காலத்தைக் கழிக்க வேண்டாம், சென்னை ஓவியப் பள்ளிக்குப் போகட்டும் என்று வழிகாட்டினார். கவனியுங்கள், அப்படிச் சொன்னவர் ஓவியத்தால் சோறு சாப்பிட்ட ஒருவர். சோற்றுக்கு வழி உண்டா என்று தெரிந்தவர் சொன்னதால்தான் அந்த வார்த்தைக்கு எடை. நமக்கு அறிவுரை சொல்ல வருகிறவர்களில் எத்தனை பேர் அந்த வேலையைத் தாங்களே செய்து பார்த்தவர்கள்?

சென்னை அரசு ஓவியப் பள்ளி 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் தொடங்கியது. இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக இருப்பது அதுதான். சில்பி படித்த காலத்தில் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் பாறையை நெம்பித் தள்ளுகிற நான்கு பேர், உழைப்பாளர் சிலை, பார்த்திருப்பீர்களே? அதைச் செய்தவர் அவர்தான். மனித உடம்பில் எந்தத் தசை எங்கே இழுக்கிறது என்று தெரியாமல் அந்தச் சிலையைச் செய்ய முடியாது. அப்படிப்பட்டவர் தலைமையில் இருந்த பள்ளியில் ஸ்ரீனிவாசன் பயின்று வெளியே வந்தார். அவர் கை நின்ற இடம் பேனாவும் கறுப்பு மையும். வண்ணத்திலும் வரைவார், ஆனால் கோடுதான் அவருடைய தாய்மொழி.

பிறகு ஆனந்த விகடன். அங்கே ஓவியர்களுக்குத் தலைவராக இருந்தவர் மாலி. தமிழில் கார்ட்டூன் என்ற கலைக்கு முகவரி கொடுத்தவர். மாலிக்கு ஆட்களைக் கண்டுபிடிக்கத் தெரியும். கண்டுபிடித்த ஆளுக்குப் பெயர் வைக்கவும் தெரியும். கும்பகோணத்திலிருந்து வந்த கோபாலனைக் கோபுலு ஆக்கியவர் அவர். நாமக்கல் ஸ்ரீனிவாசனுக்குச் சில்பி என்று பெயர் வைத்தவரும் அவர்தான். சில்பி என்றால் சிற்பி. உளி பிடிக்காத ஒருவருக்கு அந்தப் பெயர்! அவர் கோடு எதற்காகப் பிறந்தது என்று மாலி பார்த்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். ஓர் ஓவியருக்குப் பெயர் என்பது கடைக்குப் போர்டு மாதிரி. பத்திரிகை கொடுத்த பெயர்தான். ஆனால் பத்திரிகையை விட்டு வந்தபோது அந்தப் பெயரும் அவரோடு வந்துவிட்டது. மேசையை, நாற்காலியை விட்டுவிட்டு வரலாம். பெயரை விட்டுவிட்டு வர முடியாது.

1940-களின் இறுதியில் விகடனில் தென்னாட்டுச் செல்வங்கள் என்ற தொடர் ஆரம்பமானது. கோயில் கோயிலாகப் போய் அங்கே உள்ள சிற்பங்களைச் சில்பி வரைவார். அதற்கு விளக்கம் எழுதியவர் தேவன், நம்மைச் சிரிக்க வைத்த துப்பறியும் சாம்புவை எழுதிய அதே தேவன். தொடர் பன்னிரண்டு வருஷம் போல நீண்டது. வாரத்துக்கு ஒரு தவணை என்று வைத்துக்கொண்டால் அறுநூறு வாரத்துக்கு மேல் ஆகிறது கணக்கு. நமக்கு ஒரு செமஸ்டரில் பத்து டிராயிங் ஷீட் முடிக்கவே மூச்சு வாங்குகிறது.

இங்கேதான் தொழில் விஷயம் வருகிறது. அந்தத் தொடருக்குச் சிற்பங்களைக் காமிராவில் பிடித்துப் போட்டிருக்கலாமே, ஏன் ஒரு மனிதரைக் கோயில் கோயிலாக அனுப்பி வரையச் சொல்ல வேண்டும்? அந்தக் காலத்து அச்சு முறையைத் தெரிந்துகொண்டால் இது புரியும். ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலம் அது. படம் வேண்டுமென்றால் துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்ய வேண்டும். வரைந்த படத்தைப் பெரிய காமிராவில் எடுத்து, அந்த நெகட்டிவை ஒளி உணரும் பூச்சு பூசிய தகட்டின் மேல் பதித்து, பிறகு தகட்டை அமிலத்தில் விடுவார்கள். கோடு இருக்கும் இடம் மேடாக நிற்கும். கோடு இல்லாத இடத்தை அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். மேட்டில் மை ஏறும், பள்ளத்தில் ஏறாது. இது லைன் பிளாக். இதில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு. சாம்பல் நிறம் என்பதே கிடையாது.

போட்டோவில் எல்லாமே சாம்பல்தான். அதை அச்சிட வேண்டுமானால் புள்ளி புள்ளியாக உடைத்து ஹாஃப்டோன் பிளாக் செய்ய வேண்டும். வழவழப்பான தாளில் அது அழகாக விழும். சாதா நியூஸ்பிரின்ட் தாளில் மை ஊறி, புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி, படமே கரித்துணி மாதிரி ஆகிவிடும். அதிலும் கோயில் மண்டபத்தின் இருட்டில், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கருங்கல்லை எடுத்த போட்டோ என்றால் கேட்கவே வேண்டாம். கருவறைக்குள் காமிராவுக்கு அனுமதியே கிடையாது. ஆகப் பேனாக் கோடு ஜெயித்தது. நல்ல கோடு மட்டமான தாளிலும் நிற்கும். சில்பியின் கோடு நின்றது.

ஆனால் சாம்பலே இல்லாத அச்சில், உருண்டு திரண்ட ஒரு கல் தோளை எப்படிக் காட்டுவது? நாம் செக்‌ஷன் வரையும்போது 45 டிகிரியில் ஹேட்சிங் போடுகிறோம், நினைவிருக்கிறதா? வெட்டிய முகத்தைக் காட்ட இணையான மெல்லிய கோடுகள். சில்பி செய்ததும் ஒருவகை ஹேட்சிங்தான். ஒரு வித்தியாசம்: நம் கோடு எங்கேயும் ஒரே மாதிரி நேராகப் போகும். அவர் கோடு கல் வளைகிற பக்கம் தானும் வளையும். தொடையின் மேல் ஏறி, முழங்காலில் சுருங்கி, கணுக்காலில் நெருங்கும். வெளிச்சம் படும் இடத்தில் கோடு மெலிந்து அறுந்துபோகும். காகிதத்தின் வெள்ளையே கல்லின் பளபளப்பு ஆகிவிடும். நிழலில் கோட்டின் மேல் கோடு குறுக்கே விழும். ஒரே மை, ஒரே நிப்பு. ஆனால் பார்க்கிறவன் கண்ணுக்குப் பத்து வகைச் சாம்பல். இன்னொரு சூட்சுமமும் உண்டு. பத்திரிகைக்கு வரைகிறவர்கள் பொதுவாக அச்சில் வரும் அளவை விடப் பெரிதாக வரைவார்கள்; பிளாக் எடுக்கும்போது சுருக்குவார்கள். சுருக்கினால் கோட்டின் சின்ன நடுக்கம் மறைந்துவிடும். ஆனால் கோடுகளை ரொம்ப நெருக்கமாகப் போட்டிருந்தால் சுருங்கும்போது இடைவெளி அடைத்துக்கொண்டு கறுப்புத் திட்டு ஆகிவிடும். ஆகவே வரையும்போதே தாள் என்ன, மை என்ன, பிளாக் என்ன, எவ்வளவு சுருக்கம் என்று எல்லாம் மனசுக்குள் ஓட வேண்டும். தயாரிப்பு முறையைத் தெரியாமல் டிசைன் செய்யக்கூடாது என்று நம் வொர்க்‌ஷாப் சார் தலையில் அடித்துக்கொண்டு சொல்வாரே, அதுவேதான்.

இது பேனாவின் பக்கம். முறையின் மறுபக்கம் உட்காருவது. சில்பி எதை வரைந்தாரோ அதன் முன்னால் போய் உட்கார்ந்து வரைந்தார். யாரோ எடுத்த போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சென்னை அலுவலகத்தில் இருந்தபடி பிரதி எடுக்கவில்லை. தாராசுரம் என்றால் தாராசுரம், கிருஷ்ணாபுரம் என்றால் கிருஷ்ணாபுரம். கருவறை மூர்த்திகளை வரையும்போது, விளக்கின் வெளிச்சத்தில் தெரிகிற அளவுக்குத் தெரிவதைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். அவர் பக்திமான், கோயிலுக்குப் போகிற ஆசாரத்தோடுதான் போவார். காஞ்சிப் பெரியவரின் அன்பைப் பெற்றவர். நம்மில் சிலர் சாமி கும்பிடுவோம், சிலர் மாட்டோம். அது அவரவர் விருப்பம். எனக்கு முக்கியமாகப் படுவது அவர் அங்கே செலவழித்த நேரம்.

அதைச் சோதித்துப் பார்க்க நமக்குப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. போன டிசம்பரில் நானும் வகுப்புத் தோழர்கள் இரண்டு பேரும் ஜெயங்கொண்டம் போய் இறங்கி, அங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரம் போனோம். ராஜேந்திர சோழன் கங்கை வரை படை அனுப்பி வென்றதன் நினைவாகக் கட்டிய தலைநகரம். தஞ்சைப் பெரிய கோயிலோடு உலகப் பாரம்பரியச் சின்னமாக 2004-ல் யுனெஸ்கோ சேர்த்த கோயில். வடக்கு வாசல் படிக்கட்டுக்குப் பக்கத்தில் சண்டேச அனுக்கிரக மூர்த்தி இருக்கிறார். சிவன் உமையோடு அமர்ந்து, கீழே கைகூப்பியிருக்கும் சண்டேசர் தலையில் பூமாலையைச் சுற்றுகிறார். அது சண்டேசர் இல்லை, ராஜேந்திரனுக்கே சிவன் முடிசூட்டுவது போல என்று சொல்கிறவர்களும் உண்டு. காலை ஒன்பது மணிக்கு கிளிப் போர்டும் 0.5 பென்சிலுமாக அதன் முன்னால் உட்கார்ந்தோம்.

முதல் அரை மணி நேரம் ஒன்றுமே தெரியவில்லை. அதாவது எல்லாம் தெரிகிறது. எதில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சுற்றுலா வந்தவர்கள் எங்களுக்கும் சிலைக்கும் நடுவில் வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள், ஆளுக்குப் பத்து செகண்டு. பத்து மணிக்கு மேல்தான் கண் திறந்தது மாதிரி இருந்தது. மாலையைச் சுற்றுகிற அந்த இரண்டு கைகளிலும் விரல்கள் ஒரே மாதிரி இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நிழல் நகர நகர, முன்பு தட்டையாகத் தெரிந்த இடம் குழிவாக மாறியது. இன்னொன்று: நான் கால் மரத்துப் போய் ஓர் அடி நகர்ந்து உட்கார்ந்தேன், உடனே சண்டேசர் தலைக்கும் சிவனின் முழங்காலுக்கும் உள்ள உறவே மாறிவிட்டது. பெர்ஸ்பெக்டிவ் வரையும்போது ஸ்டேஷன் பாயின்ட் என்று ஒன்று குறிக்கிறோமே, அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் என் இடுப்புக்குப் புரிந்தது! மதியம் ஒரு மணி வரை உட்கார்ந்ததில் எனக்குக் கிடைத்தது ஒரு தலை, இரண்டு கைகள். என் தோழனுக்கு ஒரு முழு உருவம் வந்தது. அவன் என்னைவிடக் கெட்டிக்காரன்.

சில்பி இப்படி அறுநூறு வாரம் போல உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துப் பார்த்தேன். வெயில், ஈ, வேடிக்கை பார்க்கும் கூட்டம், பஸ் நேரம், அச்சுக்கு அனுப்ப வேண்டிய கெடு நாள். கெடு நாளை மறக்காதீர்கள். பத்திரிகைக்கு வரைகிறவருக்கு மனசு வரும்போது வரைவேன் என்ற பேச்சே கிடையாது. புதன்கிழமை பிளாக் போக வேண்டும் என்றால் புதன்கிழமை போக வேண்டும். படைப்பாற்றல் என்பது காற்று மாதிரி, வந்தால் வரும் என்று நம்மில் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறோம். சில்பி அதற்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார் என்று தோன்றுகிறது. போக வேண்டிய இடத்துக்குப் போவது, பார்க்க வேண்டியதைப் பார்த்து முடிக்கும் வரை எழுந்திருக்காமல் இருப்பது, பிளாக் தாங்குகிற கோட்டில் போடுவது. அவ்வளவுதான் முறை. கேட்பதற்குச் சப்பென்று இருக்கிறது. செய்து பார்த்தால் முதுகு பேசும்.

அதே காலத்தில் வேறு மாதிரி முறையிலும் ஒருவர் வெற்றி பெற்றிருக்கிறார், அதையும் சொல்லிவிடுகிறேன். கல்கி பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை வந்த பொன்னியின் செல்வனுக்குப் படம் வரைந்த மணியம். 1924-ல் பிறந்து 1968-ல், நாற்பத்து நான்கே வயதில் காலமானவர். இவரும் இடங்களை நேரில் பார்த்தவர்தான். ஆனால் அவர் வரைய வேண்டிய மனிதர்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனவர்கள். முகம் யாருக்கும் தெரியாது. ஆகவே பார்த்த கோயிலையும் நகையையும் வைத்துப் பார்க்காத முகத்தைச் செய்தார். நந்தினிக்குச் சாய்ந்த ஆண்டாள் கொண்டை, குந்தவைக்கு நிமிர்ந்த கொண்டை என்று தலையைப் பார்த்தே ஆளைச் சொல்லும்படி செய்தார். நம்ம ஊர்க்காரரான பழுவேட்டரையருக்கு மீசையும் தழும்பும் தந்து ஊர் ஊராக அறிமுகம் செய்து வைத்ததில் அந்தப் படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கீழப்பழுவூர் பஸ் ஸ்டாப்பில் தினமும் நிற்கிற நமக்கே அது மறந்து போகிறது. மணியம் கற்பனையால் கண்டதைச் சில்பி கண்ணால் கண்டார் என்று வைத்துக்கொள்ளலாம். இருவரில் யார் பெரியவர் என்று சண்டை வேண்டாம். எனக்குச் சில்பியைப் பிடிக்கக் காரணம், அவர் வழியில் நம்மைப் போன்றவர்கள் முதல் நாளிலிருந்தே நடக்க முடியும் என்பதுதான்.

இனி, வெளியே வந்த கதை. இருபத்திரண்டு வருஷம் விகடனில் இருந்த பிறகு, 1960-களில், நாற்பதைத் தாண்டிய வயதில், சில்பி அலுவலக வேலையை விட்டுத் தனி ஓவியர் ஆனார். நாற்பதைத் தாண்டியவர், குடும்பஸ்தர். நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். தினமணி கதிர், கலைமகள், அமுதசுரபி, பம்பாயிலிருந்து வந்த பவன்ஸ் ஜர்னல் என்று பல இதழ்களில் அதன் பிறகு அவர் படங்கள் வந்தன. முன்பு ஒரே பத்திரிகையின் வாசகர்கள் பார்த்த கோடு இப்போது பல பத்திரிகைகளின் வாசகர்கள் கைக்குப் போனது. ஆங்கிலப் பத்திரிகை மூலம் தமிழ் தெரியாதவர்கள் கைக்கும் போனது.

இதில் நான் கவனித்தது ஒன்று. வெளியே வந்ததும் அவர் புதிய ஆளாக மாறவில்லை. விகடனில் என்ன வரைந்தாரோ அதையேதான் வெளியேயும் வரைந்தார்: தெய்வ உருவங்கள், கோயில்கள், சிற்பங்கள். பத்திரிகைக்காரர்களுக்குத் தெரியும், கோயில் சிற்பம் என்றால் சில்பி. தீபாவளி மலருக்கு ஒரு தெய்வத் திருவுருவம் வேண்டுமென்றால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. ஒரே துறையில் ஆழமாகப் போனவருக்கு வேலை தேடி வருகிறது. எல்லாம் செய்வேன், லோகோவும் போடுவேன், முகமும் வரைவேன், வீடியோவும் எடிட் பண்ணுவேன் என்று கார்டு அடித்து நீட்டுகிற நம்மை யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. நம் பக்கத்து ஊர்க் கடை ஒன்றுக்கு நான் மூன்று மாதிரி பெயர்ப்பலகை வரைந்து கொடுத்தேன். மூன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, நான்காவதாக இன்டர்நெட்டிலிருந்து எடுத்த ஒன்றை ஃப்ளெக்ஸ் அடித்து மாட்டிவிட்டார்கள். பணம் இன்னும் வரவில்லை. அவர்களைச் சொல்லி என்ன பயன்? நான்தான் வரைந்தேன் என்று தெரியும்படி என் கோட்டில் எதுவும் இல்லாதபோது, யார் கோடாக இருந்தால் அவர்களுக்கு என்ன!

வெளிநாட்டிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் நார்மன் ராக்வெல் என்ற ஓவியர் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் பத்திரிகைக்கு 1916 முதல் 1963 வரை முந்நூறுக்கு மேற்பட்ட அட்டைப்படங்கள் வரைந்தார். அவ்வளவு வரைந்தும் அந்தப் பத்திரிகையின் சம்பளப் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. படத்துக்குப் பணம் வாங்கிய தனி ஓவியர். சில்பி சம்பளத்திலிருந்து சுதந்திரத்துக்கு வந்தார், ராக்வெல் அந்தப் பத்திரிகைக்குச் சுதந்திரமாகவே வரைந்தார். ஆனால் இரண்டு பேருக்கும் வாசகர்கள் ஒரே வழியில்தான் கிடைத்தார்கள், வருஷக் கணக்கில் தொடர்ந்து கண்ணில் பட்டதால். ஆக, சம்பளத்தில் இருக்கிறோமா வெளியே இருக்கிறோமா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, இந்த வாரம் வரைந்தோமா என்பது. சிமென்ட் ஆலையில் ஷிப்ட் பார்க்கிறவனுக்கும் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டே. வேலைக்குப் போனால் வரைவது செத்துப்போகும் என்று பயப்படுகிற தோழர்களுக்காக இதைச் சொல்கிறேன். சில்பியின் கோடு சம்பள வருஷங்களில்தான் வளர்ந்தது.

இன்னொரு செய்தி எனக்கு ரொம்பப் பிடித்தது. பத்மவாசன் என்று ஓர் ஓவியர். தெய்வ உருவங்களுக்கும் கோயில் ஓவியங்களுக்கும் பெயர் பெற்றவர். அவர் சில்பியிடம் சீடராக இருந்து கற்றவர். கல்லூரிச் சான்றிதழ் வழியாக வராமல் குருவின் பக்கத்தில் உட்கார்ந்து கற்ற வித்தை. உட்கார்ந்து பார்ப்பது என்கிற முறையை உட்கார வைத்தே சொல்லிக் கொடுத்திருக்கிறார் பெரியவர்!

சில்பி 1983-ல் காலமானார். பழைய விகடன் தாள்கள் மஞ்சளாகிப் பொடியாகிக்கொண்டிருந்தாலும் தென்னாட்டுச் செல்வங்களை விகடன் பிரசுரம் பிற்காலத்தில் இரண்டு பாகமாகப் புத்தகமாக்கியது. நியூஸ்பிரின்டுக்காகப் போட்ட அந்தக் கோடுகள் நல்ல தாளில் இன்னும் துலங்குகின்றன. விலை கொஞ்சம் அதிகம்தான். நம் நூலகத்துக்கு வாங்கச் சொல்லி மாணவர் மன்றத்தின் சார்பில் முதல்வரிடம் மனு கொடுத்திருக்கிறோம். நீங்களும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். போடாதவர்கள் மன்ற அறையில் வந்து போடலாம்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. கீழையூரில், மேலப்பழுவூருக்குப் பக்கத்தில், பழுவேட்டரையர்கள் காலத்து இரட்டைக் கோயில் இருக்கிறது. அவனிகந்தர்வ ஈஸ்வர கிருகம் என்று கல்வெட்டில் பெயர். ஆயிரத்து நூறு வருஷப் பழசு. நம்மில் பாதிப் பேர் அந்த வழியாகத்தான் தினம் பஸ்ஸில் போகிறோம். உள்ளே போனவர்கள் ரொம்பக் குறைவு. செமஸ்டர் தேர்வு முடிந்து வரும் முதல் ஞாயிறு, அங்கே போய் உட்கார்ந்து வரைவதாக முடிவு செய்திருக்கிறோம். எந்தத் துறை, எந்த ஆண்டு என்று பார்க்கப் போவதில்லை. வரையத் தெரியுமா என்றும் கேட்கப் போவதில்லை. ஸ்கெட்ச் நோட்டு இல்லாதவர்கள் பழைய டிராயிங் ஷீட்டின் பின்பக்கத்தைக் கொண்டு வாருங்கள். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் காலை எட்டு மணிக்குச் சந்திப்போம். தண்ணீர் பாட்டிலும் மதியச் சாப்பாடும் அவரவர் பொறுப்பு.